அலுமினிய ஸ்க்ராப் உருக்கிப் பணியாரக்கல், சட்டி வார்க்க: எது ஆகும், எது ஆகாது?

கரும்புக்காடு | டோங்காட்

எல்லாருக்கும் வணக்கம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து டோங்காட்டிலிருந்து. வீட்டுக் கொல்லையில் கேஸில் எரியும் சின்ன உலை ஒன்று வைத்திருக்கிறேன். கேட்டுக்குக் கொண்டி, சாமி மாடத்துக்கு விளக்குத் தண்டு, பிராய் (இறைச்சி சுடும்) அடுப்புக்குக் கைப்பிடி என்று அச்சு மண்ணில் வார்த்துப் பழகியாயிற்று. இப்போது வீட்டில் பணியாரக்கல் கேட்கிறார்கள். கூடவே ஆடி மாதம் மாரியம்மன் கூழுக்கு அடிகனமாக ஒரு பெரிய சட்டி வார்த்துக் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை.

கையில் இருக்கும் சரக்கு இதுதான்: டயர் கடையில் வாங்கிய வளைந்த அலாய் ரிம்கள், வீடு இடித்த இடத்தில் கிடைத்த ஜன்னல் சட்டங்கள், ஒரு மூட்டை பீர் கேன், பழைய பக்கி (பிக்கப் வண்டி) ஒன்றின் சிலிண்டர் ஹெட், ஆயா காலத்து பிரஷர் குக்கர், கொஞ்சம் மின்கம்பி. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உருக்கலாமா, பிரிக்க வேண்டுமா? வாய்க்குள் போகிற சமாச்சாரம் என்பதால் கேட்கிறேன்.

பீனிக்ஸ் பையன்

எல்லாம் அலுமினியம்தானே அண்ணா. உருகினதும் அழுக்கு மேலே வரும், வழித்துப் போட்டால் தீர்ந்தது. சாலையோரம் விற்கிற பெரிய பானைகளை இப்படித்தான் வார்க்கிறார்கள். எத்தனை கல்யாண வீட்டு பிரியாணி அதில் வெந்திருக்கிறது! யாருக்கு என்ன ஆயிற்று?

பழைய மூசை | பைன்டவுன்

யாருக்கு என்ன ஆகிறது என்று உட்கார்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள் தம்பி. தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வாளர்கள் நாட்டின் பல பகுதிகளில் தெருக் கடைகளிலும் வார்ப்பவர்களிடமும் நேரடியாக 20 பாத்திரங்கள் வாங்கிச் சோதித்தார்கள். 2020இல் முடிவு வெளியானது. அமிலக் கரைசலை ஊற்றிப் பார்த்ததில் காரீயம், ஆர்செனிக், அலுமினியம் மூன்றுமே ஐரோப்பிய வரம்பைத் தாண்டிக் கசிந்த பாத்திரங்கள் அதில் இருந்தன. அதற்கு முன்பே, 2017இல், அமெரிக்காவின் ஆஷ்லண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைடன்ஹேமர் குழு 10 நாடுகளிலிருந்து 42 வார்ப்புப் பாத்திரங்களைச் சோதித்தது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காரீய ஆபத்து உள்ளவை. எல்லாமே நம்மூர்ப் பானை மாதிரி ஸ்க்ராப் உருக்கிச் செய்தவைதான்.

காரீயம் கலந்த சாப்பாடு நாறாது, கசக்காது. அன்று ராத்திரி யாருக்கும் வயிறு கெடாது. பிள்ளைகளின் மூளையில்தான் அது வேலை செய்கிறது, அதுவும் மெதுவாக. பிரியாணி சாப்பிட்டவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள் என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

அடுத்தது அந்த "வழித்துப் போட்டால் தீர்ந்தது". கோவையில் பவுண்டரி வேலை பழகி, இங்கே வந்தும் அதே வேலையில் இருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மேலே மிதக்கும் கசடு பெரும்பாலும் அலுமினிய ஆக்சைடு. பெயின்ட் கரி, மண், துரு அதோடு வரும். காரீயம் வராது. செம்பு, துத்தநாகம், காட்மியம் எதுவும் வராது. உருகிய அலுமினியத்தில் அவை கரைந்து கிடக்கின்றன. ரசத்தில் கரைந்த உப்பைக் கரண்டியால் அள்ளி எடுக்க முடியுமா?

காரீயம் கனம், அடியில் தங்கிவிடும், மேலாக ஊற்றிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். கனம் என்பது சரி. ஆனால் உருகுநிலையான 660 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே அலுமினியம் ஏறக்குறைய 1.5 சதவீதம் காரீயத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும். சூடு ஏற ஏற இன்னும் கொள்ளும். அதற்கு மேல் மிஞ்சினால்தான் அடியில் தேங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிம்மில் டயர் கடைக்காரர் அடிக்கும் பேலன்ஸிங் எடை ஒன்று, காரீயத்தில் செய்தது, 30 கிராம் என்று வையுங்கள். 10 கிலோ உருக்கில் அது தெரியாமல் விழுந்தால் 0.3 சதவீதம். ஒரு துளி கூட அடியில் தங்காது, முழுக்கக் கரைந்துவிடும். அந்த உருக்கில் 2 கிலோவுக்குப் பணியாரக்கல் வார்த்தால் கல்லுக்குள் 6 கிராம் காரீயம். சாப்பாட்டில் படும் அலுமினிய வார்ப்புக்கு ஐரோப்பாவின் ஈஎன் 601 தரம் அனுமதிப்பது 0.05 சதவீதம். ஒரே ஒரு எடைத்துண்டு ஆறு மடங்குக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

உங்கள் சரக்கை ஒவ்வொன்றாகப் பிறகு எழுதுகிறேன். ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

உப்புப்புளி | சாட்ஸ்வர்த்

உலை விஷயம் எனக்குத் தெரியாது, சமையல் தெரியும். தம்பி கூழுக்குச் சட்டி என்று எழுதியதைப் பார்த்ததும் பகீர் என்றது. கூழ் என்றால் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துக் காய்ச்சுவது. அதில் தயிரோ மோரோ சேரும். புளித்த பண்டம், பெரிய சட்டி, காய்ச்சிய பிறகும் அதிலேயே மணிக்கணக்கில் கிடக்கும், வரிசையில் நிற்பதில் பாதி குழந்தைகள். சந்தேகமான உலோகத்தில் செய்யக் கூடாத பண்டம் ஒன்று உண்டென்றால் அது கூழ்தான். ஜூலு வீடுகளில் காய்ச்சும் புளித்த சோளக் கஞ்சியும் அதே ரகம்.

பணியாரம் வேறு. எண்ணெய் தடவி, சில நிமிடம் வெந்து, எடுத்துவிடுகிறோம். மாவு புளித்ததுதான், ஆனால் ஊறிக் கிடப்பதில்லை. அதற்காகக் கண்டதை உருக்கி வார்க்கலாம் என்று சொல்லவில்லை. புளி ஊற்றிய மீன் குழம்பு, தக்காளிச் சட்னி, மாங்காய் ஊறுகாய், ரசம், இவை நல்ல அலுமினியத்திலேயே வைக்காதவை. என் மாமியார் மீன் குழம்பை மண்சட்டியில்தான் வைப்பார். படித்துத் தெரிந்துகொண்டதில்லை, அலுமினியத்தில் வைத்தால் குழம்பு கறுக்கிறது, அவ்வளவுதான்.

பீனிக்ஸ் பையன்

சரி அக்கா, புளிப்பைத் தவிர்த்தால்? சோறு மட்டும் வடித்தால்?

உப்புப்புளி | சாட்ஸ்வர்த்

ஒரு சட்டியை வீட்டில் வைத்துவிட்டு "இதில் சோறு மட்டும்" என்று யாரிடம் சொல்வாய்? விருந்தாளி வந்தால் உன் தங்கையே அதில் சாம்பார் வைப்பாள்.

பழைய மூசை | பைன்டவுன்

இப்போது சரக்குக்கு வருவோம்.

ரிம். இருப்பதில் நல்லது இதுதான். பெரும்பாலான வார்ப்பு ரிம்கள் ஏ356 என்ற கலவை: சிலிக்கான் 7 சதவீதம், கொஞ்சம் மெக்னீசியம், மற்றது அலுமினியம். செம்பு 0.2க்குள். வார்க்கும்போது அச்சின் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேரும். ஆனால் ரிம்மை அப்படியே மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணத்தில்) போடக் கூடாது. பேலன்ஸிங் எடை விளிம்பில் கிளிப் போட்டும் இருக்கும், உள்பக்கம் ஒட்டியும் இருக்கும். ஒட்டியது பிரேக் தூசியில் கறுத்துப்போய், விரலால் தடவினால்தான் தட்டுப்படும். வால்வு பித்தளை, அந்தப் பித்தளையிலும் காரீயம் உண்டு. நடு மூடி, பேட்ஜ் எல்லாம் துத்தநாகக் கலவையாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். பெயின்ட்டைச் சுரண்டி எடுங்கள், உலையில் எரித்து எடுக்க வேண்டாம். பளபளவென்று குரோம் பூசிய ரிம் வேண்டவே வேண்டாம், அடியில் செம்பும் நிக்கலும் பூசியிருக்கும். பெயர் தெரியாத மலிவு ரிம் என்றால் அதுவே எந்தக் கலவையை உருக்கி வார்த்ததோ.

சிலிண்டர் ஹெட். வேண்டாம். இந்த நாட்டில் காரீயம் கலந்த பெட்ரோல் 2006 ஜனவரியில்தான் நின்றது. அதற்கு முன் ஓடிய எஞ்சின் என்றால் எரி அறையில் படிந்த கரியிலேயே காரீயம் இருக்கும். அதைச் சுரண்டினாலும், ஹெட், பிளாக், கியர்பாக்ஸ் கூடு, ஆல்டர்னேட்டர் கூடு போன்றவற்றில் பல, செம்பு 3, 4 சதவீதம் வரைக்கும் துத்தநாகம் 3 வரைக்கும் அனுமதிக்கும் கலவைகள். ஈஎன் 601 கேட்பது செம்பு 0.6க்குள், துத்தநாகம் 0.25க்குள். எஞ்சின் பாகத்துக்கு அது நல்ல உலோகம்தான். சமையலுக்கு இல்லை.

ஜன்னல் சட்டம். இழுத்து உருவாக்கும் 6063 கலவை, உள்ளபடி சுத்தமானது. ஆனால் அச்சில் சரியாக ஓடாது, கெட்டியாகும்போது விரிசல் விடும். வீடு இடித்த சரக்கு என்கிறீர்கள். பழைய பெயின்ட்டில் காரீயம் இருக்க நிறைய வாய்ப்பு. திருகு, பூட்டு, உருளை எல்லாம் வேறு சரக்கு, துத்தநாகமும் இருக்கும். உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை.

கேன். மெல்லிசு, பாதிக்குப் பாதி கசடாகப் போகும். உள்ளே பூச்சு, வெளியே மை. அடியில் மிச்சமிருக்கும் பீர் உருக்குக்குள் போனால் வெடித்துத் தெறிக்கும், முகத்தில் அடிக்கும். மழைக்காலத்தில் நம் பக்கம் வெளியே கிடந்த எதையும் உலை வாயில் சூடு காட்டிக் காயவைக்காமல் மூசைக்குள் விடக் கூடாது. பழைய கேன் என்றால் காந்தம் வைத்துப் பாருங்கள். முன்பு இங்கே எஃகுக் கேன்தான் புழங்கியது.

மின்கம்பி. உலோகம் கிட்டத்தட்ட 99.5 சதவீதம் அலுமினியம். நடுவில் எஃகு இழை, மேலே கிரீஸ். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் பெரிய கேள்வி. இந்த நாட்டில் கம்பித் திருட்டு என்ன பாடுபடுத்துகிறது என்று லோட்ஷெட்டிங் என்ற மின்வெட்டைப் பார்த்த யாருக்கும் தெரியும். 2009ஆம் ஆண்டின் பழைய பொருள் சட்டப்படி ஸ்க்ராப் கடைக்காரர் போலீஸில் பதிந்திருக்க வேண்டும், யாரிடம் வாங்கினார் என்று ஏட்டில் எழுத வேண்டும். ரசீது இல்லாத கம்பியை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

லேத்தில் சீவிய சுருளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். 2011, 6262 போன்ற கலவைகளில் சீவல் எளிதாக உடைய வேண்டும் என்று வேண்டுமென்றே அரை சதவீதம் அளவுக்குக் காரீயம் போட்டிருப்பார்கள். பார்வைக்குப் பளிச்சென்று புது உலோகமாக இருக்கும்.

லெனேசியா வாசி

குக்கரை விட்டுவிட்டீர்களே ஐயா. ஏற்கனவே சமையல் பாத்திரம்தானே, அதை உருக்கினால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ விட்ட எச்சரிக்கையைப் பார்த்தீர்களா? இறக்குமதியாகும் அலுமினியம், பித்தளை, அப்புறம் இண்டாலியம், ஹிண்டாலியம் என்ற பெயரில் விற்கும் கலவைப் பாத்திரங்களில் சில காரீயம் கசிகின்றன, கடைக்காரர்கள் விற்கக் கூடாது என்று சொன்னது. நம் வீடுகளில் ஊரிலிருந்து பெட்டியில் கட்டி வந்த இண்டாலியம் சட்டி இல்லாத வீடு உண்டா? அதற்கு முன் சியாட்டில் பக்கம் ஆப்கன் அகதிக் குழந்தைகள் ரத்தத்தில் காரீயம் கூடுதலாக இருக்க, காரணம் தேடியவர்கள் அவர்கள் கொண்டுவந்த அலுமினிய பிரஷர் பாத்திரங்களில் போய் நின்றார்கள். பாத்திரமாக இருந்தது என்பது ஒரு சான்றிதழ் இல்லை.

பழைய மூசை | பைன்டவுன்

சரியாகச் சொன்னீர்கள். தகட்டில் அழுத்திய குக்கர், பேர் தெரிந்த கம்பெனி என்றால் உலோகம் பெரும்பாலும் சுத்தம். வார்ப்புச் சட்டி என்றால் அதன் பூர்வீகம் யாருக்கும் தெரியாது. எப்படியிருந்தாலும் குக்கர் தகடு வார்ப்புக்கு அவ்வளவாக ஏற்றதில்லை, சிலிக்கான் இல்லை.

தூண்டில்காரன் | மெரிபேங்க்

எனக்கு ஒரு சந்தேகம். என் கொல்லையிலும் கேஸ் அடுப்பு உண்டு, தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்க்கிறேன். அதே உலையில் வேறு மூசை வைத்து அலுமினியம் உருக்கலாமா? டர்பன் துறைப் பக்கம் மீன் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில்தான் குண்டு வார்க்கிறார்கள்.

பழைய மூசை | பைன்டவுன்

கூடாது அண்ணாச்சி. மூசையை மாற்றலாம். கரண்டி? இடுக்கி? கசடு வழிக்கும் தகடு? உலைச் சுவரில் தெறித்துக் காய்ந்த துளி? அந்தத் தரையில் விழுந்த பொடி உங்கள் அச்சு மண்ணோடு சேராமல் இருக்குமா? குண்டு வார்க்கும் இடம் வேறு, பாத்திரம் வார்க்கும் இடம் வேறாக இருக்கட்டும். பாத்திரத்துக்கு என்று புது கிராஃபைட் மூசை வாங்கி, அதில் வேறு எதையும் உருக்காமல் மூடி வையுங்கள். கால்வனைஸ் வாளியை மூசையாக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அதன் துத்தநாகப் பூச்சு புகைந்தே ஆளைப் படுக்க வைத்துவிடும்.

இன்னொன்று. குண்டு வார்ப்பதை சமையலறையிலோ பிள்ளைகள் விளையாடும் இடத்திலோ செய்யாதீர்கள். மேற்குக் கேப் மீனவ ஊர்களில் இதே மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்காரர்கள் குழந்தைகளின் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் குண்டு வார்க்கும் பழக்கத்தை அங்கேயே கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

தூண்டில்காரன் | மெரிபேங்க்

ரத்தப் பரிசோதனையா? அதை எங்கே போய்க் கேட்பது?

உப்புப்புளி | சாட்ஸ்வர்த்

உங்கள் டாக்டரிடமே கேளுங்கள் அண்ணா, ரத்தத்தில் லெட் அளவு என்று சொன்னால் எழுதிக் கொடுப்பார். காரீய நச்சு இந்த நாட்டில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. பேரப் பிள்ளைகள் அந்தக் கொட்டகைக்குள் ஓடித் திரிகிறார்கள் என்றால் அவர்களுக்கும் எடுத்துவிடுங்கள்.

மோக்கா மலை | மொரிசியஸ்

பக்கத்துத் தீவிலிருந்து ஒரு சொல். இங்கே டெக்சி என்ற அலுமினியப் பானை இல்லாத சமையலறை கிடையாது. மடகாஸ்கரில் அம்பதோலாம்பி என்று ஓர் ஊர், ஊரே ஸ்க்ராப் அலுமினியத்தை உருக்கி மண் அச்சில் பானை வார்க்கிறது. வெறுங்காலோடு நின்று வார்க்கிறார்கள், அந்த வேகத்தைப் பார்த்தால் கண் கொட்டாது. அச்சு பிரிக்கும் நேர்த்திக்கு நான் தலைவணங்குவேன். பானை வாங்கி வந்தேன், அதில் இப்போது கறிவேப்பிலை வளர்கிறது.

கரும்புக்காடு | டோங்காட்

படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது. பழைய மூசை ஐயா, ஹெட்டையும் சட்டத்தையும் ஒதுக்கிவிட்டேன். அப்படியானால் ரிம் மட்டும்தான் மிச்சம். இன்னொரு பழைய சரக்கும் இருக்கிறது, சொல்ல மறந்தேன்: பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பீட்டில் கார் எஞ்சின் கூடு. கையில் தூக்கினால் பஞ்சாக இருக்கிறது. நல்ல அலுமினியம் என்கிறார்.

பழைய மூசை | பைன்டவுன்

தொடாதீர்கள்! பஞ்சாக இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பீட்டில் கூடு மெக்னீசியக் கலவை. யூட்டன்ஹேக் ஆலையில் 1979 வரை அந்தக் கார் வந்தது, இன்னும் எத்தனையோ கொல்லைகளில் கிடக்கிறது. மூசையில் பற்றிக்கொண்டால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை நெருப்பு. பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி வெடிக்கும். காய்ந்த மணல்தான் போட வேண்டும்.

அரம் வைத்து ஒரு மூலையில் பளிச்சென்று தேய்த்து, வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். மெக்னீசியம் என்றால் உடனே நுரைக்கும். அலுமினியம் சும்மா கிடக்கும். எதிர்ப்பக்கம், கைக்கு மீறிக் கனத்தால் துத்தநாகக் கலவை: பழைய கார்புரேட்டர், கதவுக் கைப்பிடி, குழாய்த் தலை. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, மெக்னீசியம் 1.8க்குள், துத்தநாகக் கலவை 6.6க்கு மேல். துண்டைத் தராசில் நிறுத்து, பிறகு தண்ணீரில் முக்கி எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும். இந்தச் சோதனையெல்லாம் ஆளைக் கொல்லும் தப்பைத் தடுக்கும். அரை சதவீதக் காரீயத்தை எந்தத் தராசும் வினிகரும் காட்டாது.

பீனிக்ஸ் பையன்

அதற்குத்தான் ஆன்லைனில் லெட் சோதனைக் குச்சி விற்கிறதே. தேய்த்தால் சிவப்பாகும். வாங்கிப் பார்த்தால் போச்சு.

லெனேசியா வாசி

அது பெயின்ட்டுக்கு என்று செய்தது. ஆப்கன் பாத்திரங்களைச் சோதித்த, சியாட்டில் அடங்கிய கிங் கவுன்டிக்காரர்களே பாத்திரத்துக்கு அந்தக் குச்சியை நம்ப முடியாது என்கிறார்கள். உலோகத்துக்குள் கரைந்திருப்பது குச்சியில் ஏறாது. சிவக்கவில்லை என்று நிம்மதியாகச் சமைப்பதுதான் ஆபத்து.

பெரிய ஸ்க்ராப் யார்டுகளில் துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ஆர்எஃப் கருவி வைத்திருக்கிறார்கள். அலுமினியத்தின் மேல் வைத்து அழுத்தினால் சில விநாடியில் செம்பு இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு, காரீயம் இவ்வளவு என்று திரையில் வரும். வாடிக்கையாளர் என்றால் சிரித்துக்கொண்டே பார்த்துத் தருவார்கள். பெயின்ட் மேல் வைத்தால் பெயின்ட்டைத்தான் படிக்கும், அரத்தால் தேய்த்த வெற்று முகத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

பழைய மூசை | பைன்டவுன்

ரிம்மில் வைத்துப் பார்ப்பதைவிட உருக்கின பிறகு பாருங்கள். வார்க்கிற அன்று முதல் ஊற்றிலிருந்து ஒரு காசு (சோதனைக்கான வட்டத் துண்டு), கடைசி ஊற்றிலிருந்து ஒரு காசு, கட்டை விரல் அகலத்துக்கு ஊற்றி வையுங்கள். பவுண்டரியில் தினமும் செய்வது இது. இரண்டையும் நடுவில் அறுத்து, அறுத்த முகத்தைத் தேய்த்து, எண் போட்டுக் கொண்டுபோங்கள். முதலுக்கும் கடைசிக்கும் காரீயம் வித்தியாசம் காட்டினால் மூசையின் அடியில் ஏதோ தேங்கியிருக்கிறது. பவுண்டரி லேபில் ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, சின்ன அளவுகளை அது எக்ஸ்ஆர்எஃபைவிடத் துல்லியமாகச் சொல்லும். அறிக்கை வரும்வரை அந்த வார்ப்பு அடுப்பேறக் கூடாது.

பீனிக்ஸ் பையன்

இவ்வளவு தலைவலி எதற்கு? மேலே நான்ஸ்டிக் பூச்சு அடித்துவிட்டால் உலோகம் சாப்பாட்டைத் தொடவே தொடாதே.

லெனேசியா வாசி

வைடன்ஹேமர் குழு அதையும் பார்த்தது. ஃப்ளூரோபாலிமர் என்ற நான்ஸ்டிக் வகைப் பூச்சு பூசிய பாத்திரத்தில் அலுமினியக் கசிவு 98 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, மற்றவையும் அதே அளவுக்கு. ஆய்வகத்தில். பணியாரத்தைக் கம்பி வைத்துத் திருப்புகிற ஊர்க்காரர்கள் நாம். அந்தப் பூச்சு எத்தனை ஞாயிற்றுக்கிழமை தாங்கும்? பட்டறை ஸ்ப்ரே டப்பா சமையலுக்கானதும் இல்லை.

எண்ணெய் தடவிப் பழக்கினால் போதும், தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றினால் போதும் என்று அடுத்து யாராவது எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: காரீயத்துக்கு அதெல்லாம் வேலி இல்லை.

வெள்ளைப்பூண்டு | பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அலுமினியமே மறதி நோய் தரும் என்கிறார்களே? அப்படியானால் இந்தப் பேச்சு முழுவதும் வீண்தானே.

உப்புப்புளி | சாட்ஸ்வர்த்

அல்சைமருக்கும் அலுமினியப் பாத்திரத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. அளவு என்று பார்த்தால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2008இல் சொன்னது உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 60 மில்லிகிராம். புளிப்பைத் தள்ளி வைத்தால் பாத்திரத்திலிருந்து வருவது குறையும். சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்கட்டும். இங்கே நாம் கவலைப்படுவது காரீயத்தை. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கரும்புக்காடு | டோங்காட்

ஒரு கேள்வி மிச்சம். ரிம்மைச் சுத்தம் செய்து, காசு ஊற்றி, சோதித்து... இத்தனைக்கும் பதில் புது உலோகமே வாங்கினால் என்ன? ரிச்சர்ட்ஸ் பேயில் ஹில்சைட் உருக்காலை, மாரிட்ஸ்பர்க்கில் ஹுலமின் அலுமினியத் தகட்டு ஆலை, நடுவில் நாம். சின்ன அளவில் யாராவது கொடுப்பார்களா?

பழைய மூசை | பைன்டவுன்

அவர்கள் உங்களுக்கு ஐந்து கிலோ நிறுத்துத் தர மாட்டார்கள். பவுண்டரிகளுக்குக் கட்டி விற்கும் வியாபாரிகள் டர்பனில் இருக்கிறார்கள், எல்எம்25 அல்லது எல்எம்6 என்ற வார்ப்புக் கலவை கேளுங்கள். எல்எம்25 என்பது ரிம் கலவையின் நெருங்கிய உறவு. எல்எம்6இல் சிலிக்கான் 10 முதல் 13 வரை, மெல்லிய சுவருக்கும் குழிக்கும் அழகாக ஓடும். பணியாரக்கல்லுக்கு என் ஓட்டு எல்எம்6க்கு.

ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த இரண்டு தரத்திலும் காரீயம் 0.1 வரை இருக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. உணவுத் தரத்தின் 0.05ஐவிட இரண்டு மடங்கு. அதனால் "எல்எம்6தான்" என்று சொன்னால் போதாது. அந்த வார்ப்புத் தொகுதியின் சான்றிதழைக் கேளுங்கள், அதில் காரீயம் என்ற கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். தாதுவிலிருந்து எடுத்த முதல் நிலை அலுமினியத்தில் செய்தது என்றால் அந்த எண் மிகச் சின்னதாக இருக்கும். ஸ்க்ராப்பில் செய்த கட்டி என்றால் வரம்பை ஒட்டி நிற்கும். சான்றிதழ் தரத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

ரிம் பற்றி லெனேசியா வாசியும் நானும் ஒத்துப்போக மாட்டோம் என்று தெரியும், ஆனால் கேட்டால் சொல்வேன்: சோதித்த ரிம் உலோகத்தில் பணியாரக்கல் எனக்குச் சம்மதம். சோதிக்காததில் விளக்குத் தண்டு வார்க்கலாம்.

லெனேசியா வாசி

எனக்குச் சம்மதமில்லை. ஒரு தடவை சோதிப்பீர்கள், இரண்டாம் தடவை "அதே கடை ரிம்தானே" என்று விட்டுவிடுவீர்கள். அக்கம்பக்கத்தில் நாலு பேர் கேட்பார்கள், வார்த்துக் கொடுப்பீர்கள். கட்டி வாங்குங்கள்.

பழைய மூசை | பைன்டவுன்

அந்த நாலு பேர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம்தான். விற்பனைக்கு என்று வந்துவிட்டால் கட்டியைத் தவிர வேறு பேச்சில்லை.

கரும்புக்காடு | டோங்காட்

முடிவு செய்துவிட்டேன். எல்எம்6 கட்டி சான்றிதழோடு தரச் சம்மதித்த ஒரு வியாபாரி கிடைத்திருக்கிறார், விலை ஸ்க்ராப்பைப் பார்த்த கண்ணுக்கு எரிகிறது. பணியாரக்கல் அதில்தான். புது மூசையும் கரண்டியும் தனியாக வாங்கியாயிற்று. கோயில் கூழுக்கு எவர்சில்வர் அண்டாவாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கமிட்டியில் பேசினோம், உப்புப்புளி அக்காவின் பதிவை அப்படியே வாசித்துக் காட்டினேன். பீட்டில் கூட்டைத் தாத்தா திருப்பி வாங்கிக்கொண்டார், எவனோ கார் சேகரிக்கிறவன் நல்ல விலை சொல்கிறானாம்.

இப்போது அச்சு வேலை. மரத்தில் ஏழு குழி மாதிரி கடைந்துகொண்டிருக்கிறேன். குழியின் சரிவு, சுருக்கம் எவ்வளவு விட வேண்டும் ஐயா?

பழைய மூசை | பைன்டவுன்

சுருக்கம் 1.3 சதவீதம் வையுங்கள். 200 மில்லிமீட்டர் கல் என்றால் மாதிரியை இரண்டரை மில்லிமீட்டர் பெரிதாகக் கடைய வேண்டும். குழி அரைக்கோளமாக இருந்தால் சரிவு தானே வந்துவிடும், வெளி விளிம்புக்கு மட்டும் 2 டிகிரி கொடுங்கள். சுவர் எங்கும் ஒரே கனமாக, 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல். நடுக் குழிக்கு அடியில் உலோகம் குவிந்தால் அங்கே சுருங்கிப் பள்ளம் விழும். ஊற்றும்போது 720 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். அச்சு மண் கையில் பிடித்தால் உடையாமல் நிற்கணும், ஈரம் உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. மாதிரியைப் படம் எடுத்துப் போடுங்கள், ஊற்றுவாய் எங்கே வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.